நெவில் குடும்பத்தின் தகப்பன் வழி எங்கிருந்து வருகிறது?

கேள்வி இது: 15-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களைப் பற்றிப் படித்தால் திரும்பத் திரும்ப வருகிற நெவில் குடும்பம், அதாவது மன்னர்களை ஏற்றவும் இறக்கவும் செய்த வாரிக் பிரபு ரிச்சர்ட் நெவில் பிறந்த குடும்பம், 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமோடு பிரான்சின் நார்மண்டியிலிருந்து கடல் தாண்டி வந்த நார்மன் குடும்பமா? அல்லது சில இணைய வம்சாவளிகள் சொல்வதுபோல ஸ்காட்லாந்து அரசர் டங்கனின் தம்பி வழியா? இதையெல்லாம் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் நார்மன். ஆண் வழி நார்மன் இல்லை, வட இங்கிலாந்தின் பழைய உள்ளூர்க் குடும்பம். அந்த வழியை 1131 வரைக்கும் ஆவணத்தோடு கொண்டுபோகலாம். அதற்கு மேல் ஒரே ஒரு தகப்பன் பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதான். டங்கன் கதை கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் கிடையாது. இனி எப்படி என்று பார்க்கலாம்.

நடுக்கால ஆங்கிலப் பிரபு ஒருவரின் முன்னோரைத் தேடக் கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறார்கள். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இது காலை வாரிவிடும். குடும்பப் பெயர் அப்போது இன்னும் கெட்டிப்படவில்லை. ஒருவர் தகப்பன் பெயரோடு அறியப்படுவார், மகன் இருக்கிற ஊரின் பெயரோடு, பேரன் தாய்வழிப் பெயரோடு. மாறாமல் கிடப்பது நிலம்தான். அதனால் வீட்டுமனை வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும்: இந்த ஊர் இவர் கைக்கு யாரிடமிருந்து வந்தது, வாரிசாக வந்ததா, மனைவியோடு வந்ததா, அரசர் கொடுத்ததா, கோர்ட்டில் ஜெயித்ததா?

நிலத்தைப் பற்றி இவ்வளவு காகிதம், சரியாகச் சொன்னால் இவ்வளவு தோல்சுருள், தங்கியிருப்பதற்குக் காரணம் பணம். அரசரிடமிருந்து நேரடியாக நிலம் வைத்திருப்பவர் இறந்தால், வாரிசு ஒரு தொகை கட்டித்தான் நிலத்தை எடுக்க வேண்டும். முழு பரோனி, அதாவது ஒரு பெரிய பிரபுவின் மொத்த நிலம் என்றால் 100 பவுண்டுக்கு மேல் கேட்கக் கூடாது என்று 1215-இல் மாக்னா கார்ட்டா கட்டுப்படுத்த வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் எப்படிக் கறந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாரிசு சிறு பிள்ளையாக இருந்தால் நிலமும் பிள்ளையும் அரசர் பொறுப்பில். அந்தக் காவல் உரிமையையும், பிள்ளைக்குக் கல்யாணம் செய்துவைக்கிற உரிமையையும் அரசர் விற்கலாம். ஆக, செத்தவர் யார், வாரிசு யார், வயது என்ன என்பதில் கஜானாவுக்கு நேரடி அக்கறை இருந்தது.

இந்த அக்கறையில் பிறந்ததுதான் மரணத்துக்குப் பிந்தைய விசாரணை என்ற ஆவண வகை. 1230-களிலிருந்து கிடைக்கிறது. ஒரு பிரபு இறந்த செய்தி வந்ததும் அரசரின் அதிகாரிக்கு உத்தரவு போகும். அவர் அந்த ஊர்ப் பக்கத்து ஆட்களைக் கூட்டிச் சத்தியம் வாங்கிக் கேட்பார்: இறந்தவரிடம் என்னென்ன நிலம், யாரிடமிருந்து, எந்தச் சேவைக்கு, வாரிசு யார், என்ன வயது. வம்சாவளிக்காரர்களுக்கு இது தங்கச் சுரங்கம். ஆனால் இரண்டு இடத்தில் ஏமாற்றும். ஒன்று, மூத்த மகன் இருந்தால் அவரை மட்டும்தான் சொல்லும். நான்கு தம்பிகள் இருந்தாலும் ஒரு வார்த்தை இருக்காது. மகன் இல்லாமல் மகள்கள் மட்டும் இருந்தால் நிலம் சமமாகப் பிரியும் என்பதால் அத்தனை மகள்களும், அவர்களுடைய கணவர்களும் வரிசையாக வருவார்கள். வாரிசுச் சிக்கல் இருக்கிற குடும்பத்தைத்தான் நமக்கு நன்றாகத் தெரியும் என்பது இந்தத் துறையின் வினோதம். இரண்டு, வயது. "21-உம் அதற்கு மேலும்" என்று எழுதியிருந்தால் அந்த ஆளுக்கு 40 கூட இருக்கலாம். மேஜர் ஆகிவிட்டாரா என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய விஷயம்.

மேஜர் ஆனதை நிரூபிக்கும் தனி விசாரணையும் உண்டு. படிக்கப் படிக்க ருசியாக இருக்கும். சாட்சி வருவார். "இந்தப் பையன் பிறந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அன்றைக்குத்தான் நான் குதிரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன்" என்பார். இன்னொருவருக்கு அதே வாரம் மகள் கல்யாணம், மற்றொருவருக்கு வீடு எரிந்தது. வேறொரு கவுன்ட்டியில், வேறொரு வருடத்தில், வேறொரு பையனுக்கும் இதே கால் உடையும், இதே வீடு எரியும். எழுத்தர்கள் ஒரே அச்சில் வார்த்த சாட்சியங்கள் இதில் நிறைய என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். பிறந்த தேதியை எடுத்துக்கொள்ளலாம், கதையை அப்படியே நம்ப வேண்டாம்.

சரி, நெவில்களுக்கு வருவோம். தெரிந்த இடத்திலிருந்து பின்னால் போவதுதான் முறை. 1397-இல் வெஸ்ட்மர்லாண்ட் ஏர்ல் என்ற பெரிய பிரபுப் பட்டம் பெற்ற ரால்ஃப் நெவில் 1425-இல் இறந்தார். எட்வர்டு IV, ரிச்சர்ட் III இருவருக்கும் தாய்வழித் தாத்தா. அவருடைய தந்தை ஜான் 1388-இல் இறந்தவர். ஜானின் தந்தை இன்னொரு ரால்ஃப், 1346-இல் டர்ஹாமுக்கு வெளியே நெவில்ஸ் கிராஸ் போரில் ஸ்காட்லாந்துப் படையைத் தோற்கடித்த தளபதிகளில் ஒருவர். 1367-இல் இறந்தபோது டர்ஹாம் கதீட்ரலுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். பாதிரியாரோ துறவியோ அல்லாத ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அவருடைய தந்தை ரானல்ஃப், 1262-இல் பிறந்து 1331-இல் இறந்தவர். ஆவணங்களில் ரானல்ஃப், ரால்ஃப் இரண்டும் கலந்து வரும், ஒரே ஆளைத்தான் சொல்கிறார்கள்.

இந்த ரானல்ஃபிடம் பலர் தடுக்கி விழுகிறார்கள். அவருக்கு முன் டர்ஹாமில் குடும்பத்தின் ரேபி கோட்டைக்குப் பிரபுவாக இருந்தவர் ராபர்ட் நெவில், இறப்பு 1282. அதனால் ராபர்ட்டின் மகன் ரானல்ஃப் என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் ரானல்ஃப் பேரன். நடுவில் அதே ராபர்ட் என்ற பெயரில் ஒரு மகன் இருந்து, தகப்பனுக்கு முன்னாலேயே 1271-இல் இறந்துபோனார். நிலம் கைமாறிய வரிசையை மட்டும் பார்த்தால் இந்த நடுத்தலைமுறை கண்ணிலேயே படாது, ஏனென்றால் அவர் கைக்கு ரேபி வரவே இல்லை.

மூத்த ராபர்ட்டின் தந்தை ஜெஃப்ரி. இந்த ஜெஃப்ரியோடு 'நெவில்' என்ற பெயர் ஆண் வழியில் முடிந்துவிடுகிறது. அவருடைய தந்தை பெயர் ராபர்ட் ஃபிட்ஸ் மால்ட்ரெட், அதாவது மால்ட்ரெட்டின் மகன் ராபர்ட், ரேபியின் பிரபு. தாய்தான் நெவில்: இஸபெல் த நெவில். இஸபெல்லின் சகோதரர் ஹென்றி 1227-இல் பிள்ளையில்லாமல் இறந்தார். சொத்து முழுதும் இஸபெல்லுக்கு வந்தது. அந்தச் சொத்து லேசுப்பட்டதல்ல. இஸபெல்லின் தந்தை வழியில் லிங்கன்ஷயர் பக்கத்து நிலங்கள். தாய் எம்மா, யார்க்‌ஷயரின் ஷெரீஃபாக இருந்த பெர்ட்ராம் த புல்மரின் வாரிசு. அந்த வழியில் டர்ஹாமில் பிரான்ஸ்பெத், யார்க்‌ஷயரில் ஷெரிஃப் ஹட்டன். இவ்வளவும் தாய் மூலம் வந்தபோது மகன் தாயின் பெயரை எடுத்துக்கொண்டது அந்தக் காலத்தில் யாருக்கும் புதுமையாகத் தெரியவில்லை. நார்த்தம்பர்லாண்டின் பெர்சி குடும்பமும் இப்படித்தான். லூவேன் நாட்டு ஜாஸலின் என்பவர் வாரிசுப் பெண் ஆக்னஸ் த பெர்சியைக் கட்டினார், பிள்ளைகள் பெர்சி ஆனார்கள். வடக்கை ஆண்ட இரண்டு பெரிய குடும்பங்களுமே தாய் வீட்டுப் பெயரில் ஓடியவை.

பெயரை மட்டும் பிடித்துப் போனவர்கள் இந்த இடத்தில் இஸபெல்லின் தகப்பன் வழியில் ஏறி, வில்லியம் எடுத்த நிலக் கணக்கான 1086-இன் டூம்ஸ்டே புத்தகத்தில் லிங்கன்ஷயரில் வரும் கில்பர்ட் த நெவில் வரை போய்விட்டார்கள். பிற்காலத்தில் அந்த கில்பர்ட்டை வில்லியமின் கடற்படைத் தலைவர் என்றே ஆக்கிவிட்டார்கள். டூம்ஸ்டே அவரைக் காட்டுவது பீட்டர்பரோ மடத்திடமிருந்து நிலம் வைத்திருந்த ஒரு நடுத்தர ஆளாக. கடற்படை எங்கிருந்து வந்தது என்றால், குடும்பம் பெரிதான பின் முன்னோரும் பெரிதாக வேண்டியிருந்தது.

அப்படியானால் ராபர்ட் ஃபிட்ஸ் மால்ட்ரெட்டின் வழியில் மேலே போக வேண்டும். மற்ற கவுன்ட்டிகளில் கைகொடுக்கும் ஆவணங்கள் பாதி இங்கே கிடையாது. டூம்ஸ்டே புத்தகம் டர்ஹாமையும் நார்த்தம்பர்லாண்டையும் தொடவே இல்லை. டர்ஹாமில் பிஷப்தான் குட்டி ராஜா, அரசரின் அதிகாரிகள் அங்கே வந்து விசாரணை நடத்த முடியாது. 1183-இல் பிஷப் எடுத்த போல்டன் புத்தகம் என்ற கணக்கு இருக்கிறது, ஆனால் அது பிஷப்பின் நிலங்களுக்கானது. ரேபியும் அதைச் சுற்றியுள்ள ஸ்டெய்ன்ட்ராப் வட்டாரமும் பிஷப்புடையவை அல்ல. அவை கானூட் மன்னர் புனித கத்பர்ட்டின் துறவிகளுக்குக் கொடுத்தவை, கதீட்ரல் மடத்துக்குச் சொந்தம்.

அங்கேதான் அதிர்ஷ்டம் அடித்தது. டர்ஹாம் மடத்தின் ஆவணங்கள் ஆச்சரியப்படும் அளவுக்குத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் 1131 என்று வருடம் போட்ட ஒரு சாசனம். அந்தக் காலத்துச் சாசனங்களில் வருடமே இருக்காது, சாட்சிகளின் பட்டியலைப் பார்த்து எந்த பிஷப் இருந்தார், எந்த பிரையர் இருந்தார் என்று கணக்குப் போட்டுத்தான் காலத்தை ஊகிப்போம். அதனால் தேதியிட்ட ஒன்று கிடைத்தால் கொண்டாட்டம்தான். மடத்தின் தலைவர் பிரையர் அல்கார், உக்ட்ரெட்டின் மகன் டால்ஃபினுக்கு ஸ்டெய்ன்ட்ராப்பையும் அதன் வட்டாரத்தையும் வருடத்துக்கு நான்கு பவுண்டு வாடகைக்குக் கொடுக்கிறார். டால்ஃபின் விசுவாசம் தெரிவிக்கிறார். கூடவே ஒரு விலக்கு: இங்கிலாந்து அரசருக்கும், ஸ்காட்லாந்து அரசருக்கும், டர்ஹாம் பிஷப்புக்கும் தான் பட்டிருக்கும் கடமைக்கு இது குறுக்கே வராது.

டால்ஃபின் மகன் மால்ட்ரெட், மால்ட்ரெட் மகன் ராபர்ட். இரண்டு கண்ணியும் தகப்பன் பெயர்களாலேயே உறுதியாகின்றன. ஆவணங்களில் ஒருவர் 'டால்ஃபின் மகன் மால்ட்ரெட்' என்றே வருகிறார், அடுத்தவர் 'மால்ட்ரெட் மகன் ராபர்ட்' என்று. ராபர்ட் 1240-கள் வரை வாழ்ந்தவர். 1131-இல் நிலம் வாங்கிய தாத்தாவுக்கும் 1240-களில் இறந்த பேரனுக்கும் நடுவே நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி. நீளம்தான், ஆனால் தாமதமாகப் பிறந்த பிள்ளைகளும் நீண்ட ஆயுளும் சேர்ந்தால் நடக்கக்கூடியதே. தகப்பன் பெயர் தெளிவாக இல்லாத இடத்தில் இப்படி ஒரு இடைவெளி வந்திருந்தால் ஒரு தலைமுறை விட்டுப்போயிருக்கிறது என்றுதான் நான் சந்தேகப்படுவேன்.

1131-இன் டால்ஃபினும் 13-ஆம் நூற்றாண்டின் நெவில்களும் ஒரே குடும்பம்தான் என்பதற்கு வேறொரு சாட்சியும் உண்டு. அந்த நான்கு பவுண்டு வாடகை அப்படியே தொடர்ந்தது. அதோடு வருடா வருடம் மடத்துக்கு ஒரு கலைமானும் கொடுக்க வேண்டும். 1290-இல் ரானல்ஃப் நெவில் மானைக் கொண்டுவந்தபோது, தனக்கும் கூட வந்த பரிவாரத்துக்கும் மடம் விருந்து வைக்க வேண்டும் என்று ஒரு உரிமையைக் கிளப்பினார். பிரையர் மறுத்தார். கோயிலுக்குள்ளேயே தள்ளுமுள்ளு. துறவிகள் கையில் வைத்திருந்த பெரிய மெழுகுவர்த்திகளாலேயே நெவிலின் ஆட்களை அடித்தார்கள் என்று மடத்தின் வரலாறு பெருமையாக எழுதிவைத்திருக்கிறது. மானை எடுத்துக்கொண்டார்களா, விருந்து வைத்தார்களா என்பதைவிட நமக்கு முக்கியம் இதுதான்: அதே நிலம், அதே நிலச் சொந்தக்காரர், அதே தொகை. பெயர் நெவில் என்று மாறியும் கடமை மாறவில்லை.

இப்போது டங்கன். இணைய மரங்களில் டால்ஃபினின் தந்தை உக்ட்ரெட்டை மால்ட்ரெட் என்பவரின் மகனாக்கி, அந்த மால்ட்ரெட்டை கிரினனின் மகனாகவும், மக்பெத் 1040-இல் வீழ்த்திய டங்கன் அரசரின் சகோதரராகவும் காட்டுவார்கள். மால்ட்ரெட் கற்பனை ஆள் இல்லை. நார்த்தம்பிரியா ஏர்லாக இருந்த கோஸ்பாட்ரிக் அவர் மகன், கிரினன் பேரன் என்று டர்ஹாமில் எழுதப்பட்ட பழைய வரலாறு சொல்கிறது. கோஸ்பாட்ரிக்கின் தாய் வழி நார்த்தம்பிரியாவின் பழைய ஏர்ல் உக்ட்ரெட்டிடம் போகிறது. கோஸ்பாட்ரிக்குக்கு டால்ஃபின் என்று ஒரு மகனும் உண்டு. ஆக மால்ட்ரெட், உக்ட்ரெட், டால்ஃபின் என்று மூன்று பெயரும் அந்த வட்டத்தில் சுற்றுகின்றன. ரேபி குடும்பத்திலும் அதே மூன்று. ஸ்காட்லாந்து அரசருக்கான அந்த விலக்கும் சேர்ந்தால் ஆசை வரத்தான் செய்யும்.

எனக்கும் அந்த ஊகம் பிடிக்கும். ஆனால் 1131 சாசனம் உக்ட்ரெட்டின் தகப்பன் பெயரைச் சொல்லவில்லை, வேறெந்தச் சாசனமும் சொல்லவில்லை. இந்தப் பெயர்கள் அன்றைய வடக்கில் ஒரு குடும்பத்தின் தனிச்சொத்தும் அல்ல. ஸ்காட்லாந்து அரசரிடம் நிலம் வைத்திருந்தால் அவருக்கு விசுவாசம் காட்ட வேண்டும், அதற்கு ரத்த உறவு தேவையில்லை. பெண் வழி உறவாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, பெயர்கள் தாய் வழியிலும் இறங்கும். அதனால் மரத்தில் உக்ட்ரெட் வரை கோடு போட்டு, அதற்கு மேல் புள்ளி வைத்து விட்டுவிட வேண்டியதுதான்.

பொய் வம்சாவளிகள் எங்கிருந்து கிளம்பின என்று கேட்டால், பெரும்பகுதி 16-ஆம் நூற்றாண்டு. 1530 முதல் 1688 வரை ஹெரால்டுகள் என்ற, குடும்பச் சின்னங்களைக் கவனிக்கிற அதிகாரிகள் கவுன்ட்டி கவுன்ட்டியாகப் போய்க் குடும்ப மரங்களைப் பதிந்தார்கள். தாத்தா, கொள்ளுத்தாத்தா வரைக்கும் அவை நம்பகமானவை. அதற்கு மேல் வீட்டுக்காரர் சொன்னதுதான். நெவில்களின் பக்கத்து வீட்டுக்காரரான லம்லி பிரபு ஒருவர் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். செஸ்டர்-லே-ஸ்ட்ரீட் தேவாலயத்தில் தன் முன்னோர் என்று 14 கல் உருவங்களை வரிசையாகப் படுக்கவைத்தார். பெரும்பாலானவை அவர் காலத்தில் செதுக்கப்பட்டவை. லம்லிகளின் பரம்பரையை நீட்டி முழக்கியதைக் கேட்ட ஜேம்ஸ் மன்னர், "ஆதாமின் குடும்பப் பெயர் லம்லி என்று எனக்கு இதுவரை தெரியாதே" என்றாராம்.

ஆண் வழியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் சுவையான பாதியைத் தவறவிடுகிறார்கள். 1271-இல் இறந்த அந்த நடு ராபர்ட்டின் மனைவி மேரி, மிடில்ஹாம் கோட்டையின் வாரிசு. அவர் வழியில் போனால் டூம்ஸ்டேயில் மிடில்ஹாமை வைத்திருந்த ரிபால்டிடம் போய் நிற்போம், ரிச்மண்டை உருவாக்கிய பிரெத்தாஞ் நாட்டு ஆலன் பிரபுவின் சகோதரர் அவர். இங்கே ஊகமே தேவையில்லை, நிலம் 1086-இலிருந்தே கையில் இருக்கிறது. தேடியது ஆண் வழியில் 1066-இன் ஆட்களை, கிடைத்தது ஒரு மருமகள் வழியில்.

பெண்களின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க மடங்களுக்குக் கொடுத்த தானச் சாசனங்களைப் போல உதவுவது வேறில்லை. "என் தந்தை இன்னார், என் தாய் இன்னார், என் மனைவி, என் சகோதரர் ஆகியோரின் ஆன்மா நலனுக்காக" என்று தானம் கொடுப்பவரே பட்டியல் போட்டுவிடுவார். ஒரு ஊர் எந்தப் பத்திரத்தில் சீதனமாகக் கைமாறுகிறது என்று பார்த்தால் மனைவியின் குடும்பம் அகப்படும். 1195 முதல் நில ஒப்பந்தங்களை ஒரே தோலில் மூன்று தடவை எழுதி, வளைவளைவாக வெட்டி, இரண்டைக் கட்சிக்காரர்களுக்கும் அடியில் இருக்கும் மூன்றாவதை கஜானாவுக்கும் கொடுத்தார்கள். கஜானாப் பிரதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

வழக்குச் சுருள்கள் இன்னும் சுவை. 1194-இலிருந்து வருகின்றன. நிலத்துக்கு உரிமை கேட்பவர், தன் முன்னோர் அந்த நிலத்தை அனுபவித்ததைச் சொல்லி, அவரிடமிருந்து இன்னாருக்கு, அவர் பிள்ளையில்லாமல் போனதால் தம்பிக்கு, தம்பியிடமிருந்து எனக்கு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லியாக வேண்டும். 1275-இன் சட்டம் 1189 செப்டம்பர் 3-க்கு, அதாவது ரிச்சர்ட் மன்னர் முடிசூடிய நாளுக்கு, முந்தைய அனுபவத்தை வைத்து வழக்காடக் கூடாது என்றது. ஆகவே வழக்கு மரங்கள் அந்தத் தேதியை ஒட்டி நின்றுவிடும். வழக்கு ஜெயிக்க இடைஞ்சலாக இருந்த அத்தைகளும் சித்தப்பாக்களும் இவற்றில் காணாமல் போவதுண்டு, எதிர்த்தரப்பின் பதிலையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நிலத்தைப் பின்பற்றும் முறையும் 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தள்ளாட ஆரம்பிக்கும். அப்போது பிரபுக்கள் நிலத்தை நம்பிக்கையான நண்பர்கள் பெயரில் எழுதிவைக்கத் தொடங்கினார்கள். இறக்கும்போது அந்த நிலம் சட்டப்படி அவர்களுடையது அல்ல, விசாரணையிலும் வராது. வெஸ்ட்மர்லாண்ட் ஏர்ல் ரால்ஃப் சொத்தைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். பட்டம் முதல் மனைவி வழிப் பேரனுக்கு. மிடில்ஹாமும் ஷெரிஃப் ஹட்டனும் இரண்டாவது மனைவி ஜோன் போஃபர்ட்டின் பிள்ளைகளுக்கு. மூத்த கிளை சும்மா இருக்கவில்லை, 1443-இல் ஒரு சமரசம் ஆகும் வரை சண்டைதான். வாரிக் பிரபு வந்தது அந்த இரண்டாவது கிளையில். மிடில்ஹாமை வைத்திருப்பவர்தான் குடும்பத் தலைவர் என்று நினைத்தால் அங்கே தவறிவிடும்.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால், மரணத்துக்குப் பிந்தைய விசாரணைகளின் ஆங்கிலச் சுருக்கத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1272 முதல் 1291 வரையிலான இரண்டாவது தொகுதியை எடுத்து 1282-ஐ ஒட்டிய நெவில் பதிவுகளைப் பாருங்கள். அங்கிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள், ஒரு தலைமுறைக்கு ஆவணம் கிடைக்காமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். லத்தீன் உடனே தேவைப்படாது. சர்டீஸ் சொசைட்டி பதிப்பித்த டர்ஹாம் மடத்து ஆவணங்களுக்குள் நுழையும்போதுதான் அகராதியைக் கையில் எடுக்க வேண்டியிருக்கும்.